அடுப்புக்கு ஆள் வேண்டாத கப்பல்

வீரய்யா அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்கள் வீட்டுச் சுவரில். அந்தச் சுவருக்குத் தாள் போனது எங்கள் கடையிலிருந்து. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமை பஜாரில் என் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த நாளில் கருவாடு, மிளகாய், சீனி எல்லாவற்றையும் பழைய சஞ்சிகைத் தாளில்தான் சுற்றிக் கொடுப்பார். தோட்டத்துச் சனங்கள் சாமானைக் கொட்டிக்கொண்ட பிறகும் தாளை வீசுவதில்லை. அடுப்புப் புகையில் கறுத்துப்போன சுவரை மறைக்க, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, படம் வெளியே தெரியும்படி ஒட்டிவிடுவார்கள். வீரய்யாவின் அம்மா அப்படி ஒட்டிய தாள்களில் ஒன்றில் ஒரு வெள்ளைக் கப்பல் இருந்தது. கருவாடு சுற்றிப் போன கப்பல் என்று நான் அவரைச் சீண்டுவதுண்டு.

என் பெயர் ஷுக்ரி. வாப்பாவுக்குப் பிறகு கடை என்னுடையது. தோட்டத்துச் சனங்களுக்கு நான் ‘நானா’, முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வரும், பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை எழுதுவதும் கோபத்தில்தான். யார்மேல் கோபம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அந்தக் கப்பல் அமெரிக்காவில் கட்டிய அணுசக்திக் கப்பல். போர்க்கப்பல் இல்லை. சரக்கும் பிரயாணிகளும் ஏற்றிப் போவதற்காகவே கட்டியது, உலகத்திலேயே முதலாவது. படத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மூக்கு நீண்டு, உடம்பு மெலிந்து, புகைபோக்கி என்று ஒன்று இல்லாமலே இருக்கும். கொஞ்ச எரிபொருளை ஒருமுறை வைத்துவிட்டால் வருடக்கணக்கில் ஓடும், உலகத்தைப் பலமுறை சுற்றிவரும் என்று கீழே எழுதியிருந்தது. கடைசி வரி ‘இனி வரும் காலத்தில் கப்பல்கள் யாவும்’ என்பதோடு நின்றுவிட்டது. மீதி அடுத்த தாளில் இருந்திருக்கும். அந்தத் தாளில் வாப்பா வேறு யாருக்கோ சீனி சுற்றிக் கொடுத்திருப்பார். மீதி வாக்கியத்தை வீரய்யா அண்ணன் தானே முடித்துக்கொண்டார். கப்பல்கள் யாவும் இப்படித்தான் ஓடும், எண்ணெயும் கரியும் இல்லாமல் ஓடும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மீசை முளைத்த வயதில் அவருக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, கடைசியில் சூடான காற்றில் காயவைக்க வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்குகிற பெரிய அடுப்புக்கு விறகு போடுவதுதான் அவர் வேலை. நெருப்பு தணிந்தால் தூள் புளித்துப்போகும், கூடினால் கருகும். முகத்தில் அனல், முதுகில் மலைக்குளிர். ஒரு கட்டை எரிந்து முடிவதற்குள் அடுத்த கட்டை உள்ளே போக வேண்டும். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கண் அடுப்பில் இருக்கும். இப்படி நாற்பது வருடத்துக்கு மேல்.

அதனால்தான் அந்தக் கப்பல் அவரை விடவில்லை. மற்றவர்கள் கப்பலின் நீளத்தையும் வேகத்தையும் கேட்பார்கள். இவர் யோசித்ததெல்லாம் ஒன்றைத்தான்.

“நானா, அதுல அடுப்புக்கு ஆளே வேணாம். வச்சா வச்சதுதான். அது பாட்டுக்கு எரியும். அடுப்புக்காரன் வீட்டுக்குப் போயி புள்ளையோட உக்காந்து சோறு திங்கலாம்.”

இதை அவர் சொல்லும்போது கோயிலில் நிற்பவர் முகம் மாதிரி இருக்கும். மடுல்சீமையில் அவருக்கு ‘அணுக்கப்பல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குக் கோபமே வராது. அவர் மனைவி ரெங்கம்மாவுக்குத்தான் வாய் நீளம். “இந்த மனுசன் கப்பலுக்குத்தான் தாலி கட்டிருக்கணும். நான் தெரியாம வந்து நடுவுல மாட்டிக்கிட்டேன்” என்பார். பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மற்றத் தாளெல்லாம் போய்விடும். இந்த ஒரு தாளைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு மட்டையைக் கவனமாக இழுக்கச் சொல்வார் வீரய்யா அண்ணன். வருடா வருடம் சுண்ணாம்பு ஏறி ஏறி, தாளைச் சுற்றிச் சட்டம் போட்டது போல் ஆகிவிட்டது. உள்ளே இருந்த வெள்ளைக் கப்பல் புகை குடித்துப் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜீவராணி. கல்யாணமாகி நீண்ட காலம் கழித்துப் பிறந்தவள். அவளும் ‘க’வையும் ‘ப’வையும் கண்டுபிடித்தது அந்தத் தாளில்தான். பதுளையில் தங்கிப் படித்து, உயர்தரப் பரீட்சை எழுதி, தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்துவிட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரிப்புக்காரி. என் கோபத்துக்குப் பயப்படாத ஒரே வாடிக்கைக்காரி.

ஸ்டோரை மூடிய வருடம் அது. இப்போது கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு ஏற்றிப் போகிறார்கள். வீரய்யா அண்ணன் ஓய்வுபெறும் வயதுதான், ஆனாலும் அடுப்பு அணைந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஜீவராணி கடை வாங்கில் என்னைக் கூப்பிட்டாள்.

“நானா, ஒரு விசயம். அப்பா காதுக்குப் போகக்கூடாது.”

“காதல் கீதல் எண்டா எனக்குச் சொல்லாதீங்க மகள். என்ட வாய்ல நிக்காது.”

“அதெல்லாம் இல்ல நானா. அப்பாவோட கப்பல் நின்னுபோச்சு. நான் பொறக்க முன்னுக்கே நின்னுபோச்சு.”

கைப்பேசியில் தேடிப் படித்ததை எல்லாம் சொன்னாள். அந்த வெள்ளைக் கப்பல் பத்து வருடம்கூட உழைக்கவில்லையாம். அழகுக்காக மெலிய வைத்ததில் சரக்கு வைக்க இடம் குறைவு, விசேசமாகப் படித்த ஆட்களுக்குச் சம்பளம் அதிகம், எண்ணெய்க் கப்பலே மலிவு என்று ஓரமாகக் கட்டிப்போட்டுவிட்டார்கள். கட்டிப்போட்ட சூட்டோடு உலகத்தில் எண்ணெய் விலை ஏறியது. ஜேர்மன்காரர் இரும்புக்கல் ஏற்ற ஒன்றைக் கட்டினார்கள். கொஞ்சக் காலம் நன்றாகவே ஓடியது. ஆனால் அதை உள்ளே விடவே பல துறைமுகங்கள் யோசித்தன. கடைசியில் அணு அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, சாதாரண டீசல் இஞ்சினை வைத்தார்கள். ஜப்பான்காரரின் கப்பல்தான் பாவம். முதல் தடவை கடலுக்குப் போனபோதே உள்ளே எங்கோ கசிந்தது. அதை அடைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள், ஏதோ மருந்து கலந்த சோற்றை அப்பினார்கள் என்றுகூடப் படித்தேன் என்றாள்.

“சோறா?”

“சோறுதான் நானா. எங்க அப்பாயி சுவத்துல தாள ஒட்டின மாதிரி.” சிரித்துவிட்டுச் சொன்னாள். “பெறகு அந்தக் கப்பல் திரும்பி வரயில மீன்புடிக்கிற சனங்க எங்க ஊருக்குள்ள வராதேன்னு மறிச்சிட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல கடல்லயே நின்னுச்சாம். சொந்த ஊரு, நானா. சொந்த ஊருலயே உள்ள விடல.”

ரஷ்யாவின் பனிக்கடலில் மட்டும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றாள். அதற்கும் வயதாகிவிட்டது என்று பிறகு நானே படித்தேன். இப்போது மறுபடியும் இந்த மாதிரிக் கப்பல் கட்டப் போகிறோம் என்று வெளிநாடுகளில் பேச்சு எழும்பியிருக்கிறதாம். பேசட்டும்.

“இத அவருக்கிட்டச் சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“ஸ்டோர மூடுன அன்னைக்கி அவரு மூஞ்சியப் பாத்தீங்கதானே நானா. இன்னொன்ன என் கையால மூட மாட்டேன்.”

பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவில் பலசரக்குக் கடைக்காரனுக்கு வேலை இல்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது. பிள்ளைகளோடு கத்தும் களைப்பு என்று நினைத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய முடிந்திருந்தது. பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மெல்ல விலகிக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் பதுளைக்குப் போய் இரத்தம் சுத்தம் பண்ணும் மிசினில் படுக்க வேண்டும். முதல் நாள் வீரய்யா அண்ணன் அந்த மிசினை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இது நிற்குமா என்று தாதியிடம் கேட்டாராம். நீங்கள் நாள் தவறாமல் கூட்டி வாருங்கள், மிசினை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தத் தாதிப் பிள்ளை சொல்லியிருக்கிறது. அன்று பின்னேரம் கடைக்கு வந்தபோது அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

“அடுப்பு மாதிரித்தான் நானா. நேரத்துக்குப் போட்டுக்கிட்டே இருக்கணும். விட்டா அணைஞ்சிரும்.”

அன்றிலிருந்து அவருக்கு மறுபடியும் ஒரு வேலை வந்தது. அவர்கள் லயம் இருப்பது மடுல்சீமைக்கும் மேலே, பாதை என்று சொல்ல வாய் கூசும் இடத்தில். மிசினிலிருந்து இறங்கினால் அவளுக்கு நிற்க முடியாது, வாந்தி வரும், பஸ்ஸில் கொண்டுவர முடியாது. ரெங்கம்மாவின் அண்ணன் மகன் கஜேந்திரன் ஆட்டோ வைத்திருந்தான். விடியும்போதே ஆட்டோ என் கடையைத் தாண்டும். பின்னால் கம்பளி போர்த்திய ஜீவராணி, பக்கத்தில் பிளாஸ்கை மடியில் வைத்தபடி வீரய்யா அண்ணன். அவள் எனக்குக் கையைக் காட்டுவாள். மிசினுக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை. மண்சரிவு வந்து பாதை மூடிய நாளில்கூட மறுபக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஆட்டோவில் ஏற்றினார்கள். அப்படியே இருந்திருந்தால் அவள் இன்றும் இருந்திருப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு நாட்டில் எண்ணெய் தீர்ந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பசறையில் பெட்ரோல் நிரப்பும் செட்டிலிருந்து கிளம்பிய வரிசை பாதையில் வளைந்து வளைந்து கண்ணுக்கு எட்டாத தூரம் போனது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, கப்பல் வருகிறது. நாளைக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை வருகிறது, வந்துவிட்டது, இன்னும் வரவில்லை.

கஜேந்திரனும் வீரய்யா அண்ணனும் மாறி மாறி வரிசையில் நின்றார்கள். ஆட்டோவைத் தள்ளித் தள்ளி முன்னுக்கு நகர்த்துவார்கள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அணுக்கப்பல் கதையைச் சொல்லியிருக்கிறார். அலுத்துப்போய் நின்ற சனத்துக்கு அது நல்ல பொழுதுபோக்கு. “பெரியவர், ஒங்க கப்பல் எப்ப வருது?” என்று கேட்பார்களாம். அவர் வெட்கப்படாமல் பதில் சொல்வார். எண்ணெய் ஏற்றிவருவதும் அந்த மாதிரிக் கப்பலாகத்தான் இருக்கும், வழியில் நிற்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை என்பார். கேட்ட எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் அவர் இதைச் சொல்லும்போது ஜீவராணி தலையைக் குனிந்துகொள்வாளாம்.

என் வேன் டீசல் வேன். டாங்கியில் கிடந்ததை வைத்து இரண்டு தடவை அவளைப் பதுளைக்குக் கொண்டுபோய் வந்தேன். அதோடு வேனும் கடை வாசலில் படுத்துவிட்டது. பஸ் எப்போதாவது ஒன்று வரும், சனம் கதவில் தொங்கும். ஆம்புலன்சைக் கூப்பிடலாமே என்பீர்கள். அவசரத்துக்குத்தான் அது வரும். செவ்வாய், வெள்ளி என்று முறை வைத்துக் கூப்பிட முடியாது.

ஒரு வெள்ளி தவறியது. அடுத்த செவ்வாய் எப்படியோ போனார்கள். மறுபடி தவறியது. அவள் பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் வாய் காய்ந்து, வாசலில் ஓடுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இதை ரெங்கம்மா சொன்னபோது என்னால் கடையில் நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

என் தங்கச்சி றஷீனாவின் வீடு பதுளையில், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரத்தில். அவளிடம் பேசினேன். நாளைக்கே கூட்டி வாங்க, எத்தனை மாதம் என்றாலும் இருக்கட்டும் என்றாள். நான் மேலே நடந்துபோய்ச் சொன்னேன். ரெங்கம்மா அன்றே துணிப்பையைக் கட்டிவிட்டார். மறுநாள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால், வீரய்யா அண்ணன் மட்டும் சிரித்த முகத்தோடு கடைக்கு வந்தார்.

“நானா, ரேடியோவுல சொல்லிட்டாங்க. கப்பல் வந்துருச்சு. இனி என்னத்துக்குப் புள்ளைய இன்னொருத்தர் வீட்டுல கொண்டுபோயி விட? ரெண்டு நாள்ல பெட்ரோல் வந்துரும்.”

“கப்பல் வந்தா போதுமா வீரய்யாண்ணே? காசு கட்டினாத்தான் இறக்குவாங்க. அது வரைக்கும் வெளிய கடல்லதான் நிக்கும்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“என்ன நானா இப்புடிப் பேசுறீங்க. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தத யாராச்சும் வாசல்ல நிப்பாட்டுவாங்களா?”

தோட்டத்து மனிதர் அவர். லயத்து வாசலுக்கு வந்தவரை, யாராக இருந்தாலும், முதலில் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் விசயம் கேட்பார்கள். கப்பலும் அப்படி ஒரு விருந்தாளி என்றுதான் அவருக்குப் பட்டது. நான் கத்தினேன். பிள்ளையின் உயிரோடு விளையாடாதீங்க என்றுகூடச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, வரிசையில் இடம் பிடிக்கப் பசறைக்குப் போய்விட்டார்.

கப்பல் கொழும்புக்கு வெளியே கடலில் நின்றது. நாள் போய்க்கொண்டிருந்தது.

மீண்டும் மேலே நடந்தேன். நடுப்பகல். ஜீவராணி படுக்க முடியாமல், படுத்தால் மூச்சு முட்டும் என்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோளுக்கு மேலே அந்தத் தாள். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் வீரய்யா அண்ணன் வெறும் பெட்ரோல் கானோடு வந்து சேர்ந்தார்.

“வெளியதான் நிக்குதாம்மா. இன்னைக்கி நாளைக்கி உள்ள எடுத்துருவாங்க.”

“எடுக்க மாட்டாங்கப்பா” என்றாள் ஜீவராணி.

பேச அவளுக்கு மூச்சு பற்றவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். “கப்பல வாசல்ல நிப்பாட்டுவாங்கப்பா. ஒங்க கப்பலையே நிப்பாட்டுனாங்க. அந்த வெள்ளக் கப்பல் ஓடாம நின்னு அம்பது வருசம். அதுக்குப் பெறகு வந்ததையும் நிப்பாட்டிட்டாங்க. ஒண்ணு சொந்த ஊருக்கே போக முடியாமக் கடல்ல நின்னுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்.”

ரெங்கம்மா அடுப்படியில் கையிலிருந்த அகப்பையோடு நின்றார். வீரய்யா அண்ணன் மகளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப அதுல வேல செஞ்ச ஆளுங்க எங்கம்மா போனாங்க?”

“தெரியலப்பா. வேற வேலைக்குப் போயிருப்பாங்க.”

அவர் கானைக் கீழே வைத்தார். “ரெங்கம்மா, அந்தப் பைய எடு. காலையில வார பஸ்ஸுல எப்புடியாச்சும் போயிருவோம். நானா, தங்கச்சிக்கிட்டச் சொல்லிருங்க” என்றார். ஜீவராணி என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். நல்ல நிம்மதியோடு இறங்கி வந்தேன். இவ்வளவு சுலபத்தில் கேட்கிற மனிதர்தானே, இதை அவள் நாலு நாள் முன்பே சொல்லியிருக்கலாமே என்று வழியெல்லாம் நினைத்தேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வராது.

காலை பஸ் வருவதற்கு முன்பே அவளுக்கு மூச்சு திணறியது. அப்போது ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பாதையில் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பதுளை ஊர் எல்லை தெரிகிற இடத்தில், தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டே ஜீவராணி போய்விட்டாள். மிசின் இருந்த கட்டிடம் அங்கிருந்து பத்து நிமிடம்கூட இல்லை.

கஜேந்திரன் அழுதுகொண்டே கடைக்கு வந்தான். அவளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து சொந்தக்காரரை ஏற்றிவர வேண்டும், அவன் ஆட்டோவில் ஒரு சொட்டு இல்லை. என் வேனிலும் இல்லை. என்ன செய்வது என்று வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் செய்தி லயம் லயமாகப் போயிருந்தது.

முதலில் வந்தவள் பக்கத்து லயத்துப் பெண், கொழுந்துக்குப் போன உடுப்போடு. சேலைத் தலைப்புக்குள் இருந்து ஒரு சாராயப் போத்தலை எடுத்தாள். உள்ளே பெட்ரோல். மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது, அதற்காக ஒளித்து வைத்திருந்தாளாம். அவளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் சோடாப் போத்தலோடு. தோட்டத்து ட்ராக்டர்காரர் ஒரு கான் டீசலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பஜாரிலிருந்து, தோட்டத்து மேற்பிரிவிலிருந்து, எனக்கு முகம்கூடத் தெரியாத இடங்களிலிருந்து வந்தார்கள். தேங்காய் எண்ணெய்ப் போத்தல், தேன் போத்தல், மருந்துப் போத்தல். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அவசரத்துக்கென்று கட்டிலுக்குக் கீழே மறைத்து வைத்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. சாவுக்கு யாரும் கேட்க வேண்டியதில்லை, தோட்டத்தில் அதுதான் வழக்கம். தப்பு மேளச் சத்தம் கேட்டால் இருக்கிறதைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நோய்க்குத்தான் கேட்க வேண்டும். வீரய்யா அண்ணன் தன் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டவர் இல்லை. சனங்களோ, ஆட்டோக்காரன் வீட்டில் பெட்ரோல் இல்லாமலா போகும் என்று இருந்துவிட்டார்கள்.

டீசலை வேனில் ஊற்றிக்கொண்டு பதுளைக்குப் போய் அவளைக் கொண்டுவந்தேன். வீரய்யா அண்ணன் பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். லயத்தில் இறங்கியபோது, வாசல் சுவரோரம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. கஜேந்திரன் ஊற்றியது போக மிச்சம். அவர் நின்று பார்த்தார். ஒன்றைத் தூக்கி மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“இம்புட்டும் எங்க இருந்துச்சு?”

கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நல்ல சனங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரையும் பிடித்து அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது. ரெங்கம்மாதான் மகளின் காலடியில் விழுந்து சொல்லிச் சொல்லி அழுதார். “கேட்டிருந்தாக் குடுத்திருப்பீங்களே. என் மகராசிக்காக ஒரு போத்தல் கேக்கத் தெரியாமப் போச்சே எங்களுக்கு.”

அடக்கம் முடிந்தது. சாவு வீட்டுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் போகும் பழக்கமும் அங்கே இல்லை. மருமகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த பெண்ணுக்கு மட்டும் ரெங்கம்மா வற்புறுத்தித் திருப்பிக் கொடுத்தார். மற்றப் போத்தல்கள் அந்த லயத்து அறையிலேயே, ஜீவராணி சாய்ந்திருந்த சுவருக்குக் கீழே இருந்தன.

மூன்று வருடம் ஆகிவிட்டது. வீரய்யா அண்ணன் இப்போதும் பஜாருக்கு வருவார், என் கடை வாங்கில் உட்காருவார். கப்பலைப் பற்றிப் பேசுவதில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் இல்லை. யாராவது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் தராசுப் படியைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவள் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமைதான். விடியும் நேரம் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல கஜேந்திரனின் ஆட்டோ மேலிருந்து இறங்கி வந்தது. கையைத் தூக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன். பின் இருக்கையில் வீரய்யா அண்ணன் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இடம் விட்டு, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு. ஆட்டோ நிற்காமல் போய்விட்டது.

பின்னேரம் திரும்பி வரும்போது கடையடியில் இறங்கினார். வாங்கில் உட்கார்ந்தார். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“பதுளைக்கு. இன்னைக்கி வெள்ளிதானே.”

கஜேந்திரன் ஆட்டோவுக்குள் ஹேண்டிலில் தலையை வைத்துக் கவிழ்ந்திருந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார்.

“வேற ஒரு புள்ள படுத்திருந்துச்சு நானா. மிசின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பினார்.

“போத்தல்ல இன்னும் பெட்ரோல் கெடக்கு” என்றார். “செவ்வாக்கெழமையும் போயிட்டு வரலாம்.”